குழாயைத் திறந்தால் கொட்டும் பள்ளி

ஜூன் 10, திங்கள்
மகளின் தண்ணீர் பாட்டில் இன்றும் போனபடியே திரும்பி வந்தது. மூடியைக்கூடத் திருகவில்லை. "குடிச்சா போகணும்லம்மா" என்கிறாள். பள்ளிக் கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டியதுதான். தலைமை ஆசிரியை யார்? என் நாத்தனார். இவருடைய கூடப் பிறந்த அக்கா. வாயைத் திறந்தால் வீட்டில் பூகம்பம்.

ஜூன் 14, வெள்ளி
மகளுக்கு நீர்க்கடுப்பு. காய்ச்சல் வேறு. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "பிள்ளைக்குத் தண்ணி குடுக்கத் தெரியாதா உனக்கு?"
கடவுளே, தெரியும்.

ஜூன் 27, வியாழன்
பெற்றோர் கூட்டம். எந்தப் பள்ளிக்கு என்ன கட்டுவது என்பதில் இனி சிபாரிசு செல்லாதாம். ஆள் வந்து பள்ளிக்குப் பள்ளி இருப்பதையும் இல்லாததையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்களாம். அதிகக் குறை உள்ள பள்ளிக்கே முதலில் பணம். ஆண்டவன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைத்தேன்.
நாத்தனார் என்னைத் தனியே அழைத்து, "தம்பிகிட்டச் சொல்லி ஹோஸ் பைப்பை எடுத்து வை" என்றாள். எங்கள் வீடு பள்ளியின் பின்சுவரை ஒட்டியது. எந்த அதிகாரி வந்தாலும் எங்கள் மோட்டார்தான் அவர்கள் தொட்டியை நிரப்பும். அன்று ஒருநாள் குழாய்கள் கொட்டும்.
"இல்லேன்னு சொன்னாத்தானே அண்ணி கிடைக்கும்?"
"கையேந்தச் சொல்றியா? எட்டாங்கிளாஸ் தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

ஜூலை 2, செவ்வாய்
வந்தார்கள். இவர்தான் பைப்பை மாட்டினார். டேப்லெட்டோடு வந்த பெண் குழாயைத் திருகியதும் தண்ணீர் பாய்ந்தது. 'உண்டு' என்று தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளை என்ன சொல்ல? கண்டதைத்தானே எழுதினாள்.

ஜூலை 3
தொட்டி காலி.

ஆகஸ்ட் 2, வெள்ளி
நாத்தனார் மிட்டாய் டப்பாவோடு வந்தாள். "ஸ்கூல் வசதிக்கு நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு மார்க்! நம்மதான் ஃபர்ஸ்ட்!"
பணம் எங்களுக்கு இல்லை. மார்க் குறைந்த பள்ளிகளுக்கு. யாருக்கு என்ன குறை என்று கேட்டார்கள், இவள் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறாள்! என் மகள் அடுப்படியில், மறுபடி வந்த நீர்க்கடுப்புக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். இவர் இரண்டு மிட்டாய் தின்றார்.
இன்றைய பிரார்த்தனையில் நாத்தனார் பேரைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்
சில பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு மறுபடி பார்க்கிறார்களாம். எங்களுடையதும் விழுந்திருக்கிறது. நாளைக் காலை வருகிறார்கள். நாத்தனார் பதறவே இல்லை. "பைப் இருக்கு, தம்பி இருக்கான், எனக்கென்ன?"
இன்று அவள் பேரைச் சேர்த்தேன். நல்லதுக்கு அல்ல. மன்னித்துக்கொள் சாமி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
பைப்பைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி வாசலிலேயே போட்டேன். ஒளித்து வைப்பானேன்?
"எவடி இதை வெட்டுனது?"
"நான்தான்."
"அக்கா தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"
"உங்க பொண்ணு வயித்துல போடலையே."
அவர் கை ஓங்கினார். மகள் குறுக்கே வந்து நின்றாள். கை தானாக இறங்கியது.
சுவருக்கு அந்தப் பக்கம் அதே டேப்லெட் பெண்ணின் குரல் கேட்டது. "போன தடவை தண்ணி வந்துச்சே டீச்சர்?" நாத்தனாரின் நாற்பது வருட நாக்கு, இன்றைக்குத்தான் ஓய்வெடுத்தது.

ஆகஸ்ட் 25
இவர் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறார். சாப்பிடட்டும். சுவர் உப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பேன்.

நவம்பர் 18, திங்கள்
மார்க் குறைந்ததால் வந்த பணத்தில் பள்ளியில் ஆழ்துளைக் கிணறு, மோட்டார், புதுக் குழாய்கள். நாத்தனார்தான் திறந்து வைத்தாள். "என் விடாமுயற்சிக்குக் கிடைச்ச பலன்" என்று மைக்கில் பேசினாள். இவர் முதல் வரிசையில் கை தட்டினார். என்னைக் கூப்பிடவில்லை; பின்சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே கேட்டேன்.
சாயங்காலம் மகள் வந்ததும் பையைத் துழாவினேன். பாட்டில் காலி.
"நாளைக்குப் பெரிய பாட்டிலா குடும்மா" என்றாள்.