காப்பர்-டிக்குக் கள ஆய்வு

மே 19, திங்கள்

இந்த நேரத்தில் உன்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடு, நோட்டே. மணி பதினொன்றே முக்கால். சின்னவன் இப்போதுதான் கண்ணை மூடினான். பகலில் எழுதினால் அத்தை, "யாருக்கும்மா இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று வந்து நிற்பார்.

ரஞ்சித் பேசினார். லீவு கிடைத்துவிட்டதாம். ஜூன் 12, வியாழக்கிழமை மஸ்கட்டிலிருந்து வருகிறார். இருபத்தெட்டு நாள்.

சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாமல் என்ன. ஆனால் போனை வைத்ததும் மனசு போன லீவுக்குத்தான் போனது. சின்னவன் அந்த லீவில் வந்தவன். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் நாலு பாட்டில் ஏற்றினார்கள். "மூணு வருஷத்துக்கு இன்னொண்ணு நெனச்சுக்கூடப் பாக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. அவனுக்கு இப்போது எட்டு மாதம்.

அவரை நம்பலாம். லீவையும் நம்பலாம். ரெண்டையும் ஒரே வீட்டில் வைத்து நம்ப முடியாது. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போகிறேன். நம் நகர்நல மையத்தில் புதன்கிழமை மட்டும்தான் போடுவார்கள். பன்னிரண்டுக்கு முன்னால் நாலு புதன் இருக்கிறது. போதும், போதும்.

மே 21, புதன்

போதவில்லை.

ரோசரி சிஸ்டர் ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் சைன் எங்கம்மா?"

"அவங்க மஸ்கட்ல இருக்காங்க சிஸ்டர்."

"வந்ததும் கூட்டிட்டு வாங்க."

"வர்றதுக்கு முன்னாடிதான் சிஸ்டர் வேணும்."

"முன்னாடி எதுக்கும்மா? ஆளே ஊர்ல இல்லையே!"

வரிசையே சிரித்தது. நான் பி.எஸ்சி. கணிதம். நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்தேன். ஆள் இல்லையென்றால் கையெழுத்து இல்லை. ஆள் இருந்தால் கையெழுத்து உண்டு. ஆனால் வியாழன் வருகிறவருக்கு அடுத்த புதன் ஆறு நாள் தள்ளி. விடை இல்லை என்று மூன்றே வரியில் நிரூபித்துவிடலாம்.

கணவர் கையெழுத்து வேண்டுமென்று எந்த விதியிலும் கிடையாது என்றேன். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"விதி உங்ககிட்ட இருக்கு, ஃபார்ம் எங்கிட்ட இருக்கு" என்றார். பிறகு குரலை இறக்கி, "போன வருஷம் ஒருத்தர் வந்து, என்னைக் கேக்காம என் பொண்டாட்டிக்கு எப்படிப் போட்டேன்னு டேபிளைத் தட்டினாரும்மா. நான் ஒத்தையா நின்னேன். மேல இருந்து சீல் போட்டு ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க. எந்த ஆபீஸா இருந்தாலும் சரி. போட்டு விடறேன்."

மே 22

ரஞ்சித் கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பினார். செல்லாதாம், ஒரிஜினல் வேண்டுமாம். "கொரியர்ல லேட்டாவும் வேணி. நானே ஃப்ளைட்ல எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறார்.

சிரித்தேனா அழுதேனா, ஞாபகமில்லை.

மே 24

தில்லைநகரில் ஒரு தனியார் கிளினிக். அங்கே கணவர் கையெழுத்தோடு மாமனார் கையெழுத்தும் வேண்டுமாம். மாமனார் லால்குடியில் வயலில் நிற்கிறார். அவரிடம் போய் நான் எதைச் சொல்லி எங்கே கையெழுத்து கேட்பது? நினைத்தாலே காது சூடாகிறது.

மே 25, ஞாயிறு

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ஃபார்மை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தது என் புத்திசாலித்தனம்.

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார்: "எங்க காலத்துல கேம்ப் போட்டு, வாடி வாடின்னு ஜீப்புல ஏத்திட்டுப் போயி, ஆபரேஷன் பண்ணி, கையில ஒரு பக்கெட்டையும் குடுத்து அனுப்புனாங்க. ஒங்க மாமனாரை ஒரு வார்த்தை கேக்கல, என்னையும் கேக்கல. இப்ப நீயா போயி கேட்டாலும் குடுக்க மாட்டேங்கிறானுங்களா? நல்ல கவர்மெண்டு!"

கொஞ்ச நேரம் கழித்து, "எம்.எல்.ஏ.கிட்ட மனு குடு. ஓட்டு கேக்க வந்தாருல்ல, நம்ம பெரிய புள்ளையத் தூக்கிக் கொஞ்சுனாரே" என்றார். கொஞ்சியது எதிர்த்துப் போட்டியிட்டவர். நான் திருத்தவில்லை.

மே 26, திங்கள்

தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதித் தரும் அப்துல் ரஹீம் பாயிடம் போனேன். வேப்பமரத்தடியில் லேப்டாப், பிரிண்டர், பேட்டரி. இடுப்பில் சின்னவன்.

"என்ன மாடல்ல போடணும்மா? பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, வாய்க்கால் தூர்வாருறது. நாலுதான் எங்கிட்ட."

மெதுவாகச் சொன்னேன். பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது நாலுலயும் வராதே. சரி, வாய்க்கால்ல போட்டு மாத்திடுவோம். அதுதான் வேகமா நகரும், தண்ணி வர்ற நேரம் பாருங்க. என்னிக்குள்ள முடியணும்?"

"ஜூன் பன்னெண்டு."

"மாஷா அல்லாஹ்! மேட்டூர் தொறக்கிற தேதியும் அதான். தேதிய மாத்தவே வேணாம்."

அதற்குள் சின்னவன் பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டான். மேலே பொருள் வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொருள் சரியாகத்தான் இருந்தது.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் உதவியாளர் அருள்ராஜ், "ரோடா, டிரெய்னேஜா?" என்று கேட்டபடியே முத்திரை குத்தினார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மே 28, புதன்

ஒன்றுமில்லை.

ஜூன் 4, புதன்

போனில் ஒரு செய்தி: "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." அப்பாடா. சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும். இன்னும் ஒரு புதன் இருக்கிறது. ஒன்றே ஒன்று.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதினால் நானே நம்ப மாட்டேன். எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஸ்கூட்டியில் ஒரு அம்மா வந்து இறங்கினார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் அளவு நாடா.

"வேணிங்கிறது? வாய்க்கால் ஆபீஸ்லேருந்து வரேன். என்ஜினியர் ஜெஸிமா. எந்த இடம்னு காட்டுங்க."

"எந்த இடம்?"

"அடைப்பு இருக்குன்னு மனு குடுத்திருக்கீங்கல்ல."

அதற்குள் அத்தை அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சாக்கடையைக் காட்டத் தொடங்கிவிட்டார். "நாலு வருஷமா நாறுதும்மா, வந்ததே வந்தீங்க, இதையும் அளந்துக்கங்க."

ஃபைலில் என் மனு. முதல் வரி நான் சொன்னது. அதற்குக் கீழே, ஐயோ, அப்படியே வாய்க்கால். "மேற்படி பணி நெடுநாளாக நிறைவேற்றப்படாமல் உள்ளது. ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிடப்படும் முன் பணியை முடிக்காவிட்டால் பெரும் பாதிப்பு ஏற்படும். எனவே இடத்தை நேரில் ஆய்வு செய்து…"

ஜெஸிமா மேடம் அப்போதுதான் முதல் வரியைப் படித்தார். பூட்ஸோடு கூடத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த இடத்தில் எனக்கு அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. நாலு பாட்டில் ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். மேடம் சிரிப்பை நிறுத்தினார்.

"மூணு மதகு எங்கிட்ட இருக்கு வேணி. தொறக்கவும் மூடவும் நான்தான் சைன் போடறேன். எனக்கு இது போடப் போனப்ப, உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க மேடம்?"

"கூட்டிட்டுப் போனேன். அவர் சைன் போட்டுட்டு, எங்க போட்டேன் எதுக்குப் போட்டேன்னு ஆட்டோல கேட்டாரு."

பேனாவை எடுத்தார். "மனு வந்தா அறிக்கை குடுத்தாகணும். அது என் வேலை."

எழுதியதை அப்படியே கீழே காப்பி செய்கிறேன்:

"கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. வாய்க்கால் காணப்படவில்லை. மனுதாரரும் இரு குழந்தைகளும் காணப்பட்டனர். மனுதாரர் கோரும் பணிக்குக் கணவர் கையெழுத்து தேவை என விதி ஏதும் இல்லை எனத் தெரிகிறது. ஜூன் 12-க்கு முன் பணியை முடித்தல் அவசரமும் அவசியமும் ஆகும். இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை."

கையெழுத்து. தேதி. வட்ட சீல்.

ஜூன் 11, புதன்

ரோசரி சிஸ்டர் அறிக்கையைப் படிக்கவே இல்லை. சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்ல?"

பத்து நிமிடம். கொஞ்சம் வலித்தது. வெளியே வந்து ஒரு நன்னாரி சர்பத் குடித்தேன். என் உடம்புக்கு நீர்ப்பாசன அனுமதி கிடைத்துவிட்டது.

ஜூன் 13

வந்துவிட்டார். பையிலிருந்து முதலில் எடுத்தது அந்த ஃபார்ம். ஒரிஜினல், மூணு காப்பியோடு.

ஜூன் 25, புதன்

செக்கப்புக்குப் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ், சிஸ்டரின் குண்டு குண்டான எழுத்தில்: "கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள் வாய்க்கால் ஆபீஸ் கள ஆய்வு அறிக்கையுடன் வரவும்."

இரண்டு தடவை படித்தேன். "என்ன சிஸ்டர் இது?"

"ஒங்களுக்கு அப்படித்தானம்மா போட்டேன்? ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு பண்ண முடியுமா? நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க."

பாலக்கரையிலிருந்து வந்திருந்த கமர் ஜஹான் என்கிற பெண் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, எங்க தெருவுல வாய்க்காலே இல்லையே, என்ன பண்றது?"

மத்தியானம் ஜெஸிமா மேடம் போன். "வேணி, என் ஆபீஸ் வாசல்ல ஒம்பது பொம்பளைங்க நிக்கிறாங்க. ஒருத்தி கைப்பிள்ளையோட. எங்க சார் என்னை விளக்கம் கேட்டு மெமோ குடுத்திருக்கார்."

நான் செய்ததா இது? நான்தான் செய்தேன். என் கதவை மட்டும் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

இந்தத் தடவை பாயிடம் போகவில்லை. நானே எழுதினேன். ரஞ்சித் பக்கத்தில் உட்கார்ந்து சின்னவனை வைத்துக்கொண்டார். "நானும் கீழ ஒரு சைன் போடட்டுமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் சமையலறைக்குப் போய்விட்டார்.

நாளை நேரில் கொடுக்கப்போவதன் நகல்:

எம்.எல்.ஏ. அவர்களுக்கு, வணக்கம்.

இது வாய்க்கால் பற்றிய மனு அல்ல. தயவுசெய்து நீங்களே படியுங்கள்.

எத்தனை பிள்ளை, எப்போது என்று முடிவுசெய்ய ஒரு பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும். புருஷன் ஸ்ரீரங்கத்தில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி. விதியில் இல்லாத ஒன்றைக் கேட்கக் கூடாது என்று எழுத்தில் ஒரு உத்தரவு வாங்கித் தாருங்கள். சட்டசபையில் ஒரு கேள்வி கேளுங்கள். நர்சுகளும் பாவம். யாராவது வந்து மேசையைத் தட்டினால் காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இல்லை. என்ஜினியர் ஜெஸிமா ஒரு தவறும் செய்யவில்லை. உங்கள் அலுவலகம் அனுப்பியதால்தான் அவர் வந்தார்.

கமர் ஜஹானுக்குச் சிசேரியன் ஆகிப் பத்து மாதம். அவள் வீட்டுக்காரர் ஜூலை 4 அன்று வருகிறார். அதற்கு முன் ஒரே ஒரு புதன்கிழமைதான் இருக்கிறது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

வேணி