பள்ளி விடும் நேரம்

ஜனவரி 9

பட்டாணியின் அப்பாவுக்கு,

போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம். முதுகு வலிக்கு மருந்து போடுகிறீர்களா, இல்லை பழையபடி "தானா சரியாப் போயிடும்" தானா?

நான் மாலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். பகலில் ஆஸ்பத்திரியில் அதே பதிவேட்டு அறை, அதே தூசி. ஆறு மணிக்கு மேல் பாடம். பக்கத்தில் உட்காரும் பெண் என்னை ஆன்ட்டி என்கிறாள். நோட்ஸ் மட்டும் என்னிடம்தான் வாங்குகிறாள்.

இந்தப் பருவத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதுவது இல்லை. நேரில் போய்ப் பார்த்து, எண்ணி, அளந்து பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். நான் எழுதிய கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வருவதால் பள்ளி வாசலில் விபத்து நடக்கிறதா?

பேராசிரியை படித்துவிட்டு, "இது கேள்வி இல்லைம்மா, குற்றச்சாட்டு. பதிலை முதல்லயே முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நம் பெண்ணைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள்? நான்கு வருஷமாக 'லேட்டாயிடுச்சு' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா

ஜனவரி 23

பட்டாணி அம்மா,

உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து, மதியம்வரை பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதுகுக்கு என்ன, பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவனுக்கு முதுகு வலிக்காமல் மூக்கா வலிக்கும்?

நீ படிப்பதை டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். "உங்க வீட்ல காலேஜா போறாங்க?" என்று ஸ்டோர்கீப்பர் இரண்டு தடவை கேட்டார். நாம் பிரிந்திருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தலைப்பை மட்டும் மாற்றிக்கொள். ஆஸ்பத்திரியில் இல்லாத விஷயமா? நோயாளிகள் எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணேன். அந்தத் தெருவுக்குப் போகாதே. இத்தனை நாள் போகாதவள் இப்போது எதற்கு?

மணியைக் கேட்டிருக்கிறாய். லேட், அவ்வளவுதான். என் தப்பு என்பதை எப்போதாவது மறுத்தேனா?

நேரத்துக்குச் சாப்பிடு.

பட்டாணி அப்பா

பிப்ரவரி 12

பட்டாணியின் அப்பாவுக்கு,

போய்விட்டேன். எழுதுவதற்கு முன் மூன்று நாள் சும்மா நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னார் பேராசிரியை. முதல் நாள் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். மறுநாளிலிருந்து ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்று, நோட்டில் கட்டம் போட்டு எண்ணினேன். பள்ளி மணி அடிக்கும்வரை போட்ட கட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வெளியே வந்ததும் எண்ணுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

அப்பா அம்மா தாமதமாக வந்த பிள்ளைகள் மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒருவர்கூடத் தெருவில் கால் வைக்கவில்லை. காவல்காரர் எல்லோரையும் கேட்டுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார். நான் யாரென்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன்.

"கூட்டிட்டுப் போக ஆள் வந்து நிக்காம ஒரு புள்ளையையும் வெளிய விட மாட்டேம்மா. பதினோரு வருஷமா இதான்."

"ஒருத்தரைக்கூடவா?"

"ஒருத்தரைக்கூட."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் தாமதமாக வந்திருந்தால் பட்டாணி அந்த பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்க வேண்டும்? அவள் ஏன் தெருவில் இருந்தாள்?

இதற்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

பட்டாணி அம்மா

பிப்ரவரி 20

பட்டாணி அம்மா,

நான் லேட்டாக வரவில்லை. அன்று வேலை சீக்கிரம் முடிந்து, கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கேட் பக்கம் வெயில். அதனால் எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். நீ நின்று எண்ணிய அதே இடம்தான். காவல்காரர் என்னைப் பார்த்த பிறகுதான் அவளை விட்டார். அவள் வெளியே வந்து, என்னைக் காணாமல் விழித்தாள். நான்தான் கூப்பிட்டேன். "பட்டாணி, அப்பா இங்க இருக்கேன்!" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். தண்ணீர் கேன் வண்டி வேகமாகக்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "லேட்டா போனீங்களா, லேட்டா போனீங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. லேட்டாக வந்தவனை நீ திட்டுவாய். கூப்பிட்டவனை என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. நீ துரத்தியதால் நான் வீட்டை விட்டு வந்ததாக ஊரே நினைக்கிறது. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வந்தேன்.

அதன் பிறகு யாரையும் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. பக்கத்து பஸ்ஸில் இருப்பவனிடம் ஸ்பேனர் வேண்டுமென்றாலும் எழுந்து போய்த்தான் கேட்கிறேன்.

உன் திட்டத்தில் இதை எழுதுவதானால் எழுதிக்கொள்.

பட்டாணி அப்பா

மார்ச் 27

பட்டாணியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. முதல் வாரம் முழுக்க உங்கள் மேல் ஆத்திரம். சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய், "பெத்த புள்ளையக் கூட்டிட்டு வர நேரத்துக்குப் போகத் தெரியாத மனுஷன்" என்று சொல்லிவிட்டு வந்தேனே, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி இருந்தீர்கள்? ஒரு தடவையாவது என் வாயை அடக்கியிருக்கக் கூடாதா?

பிறகு ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. அன்று காலை அவளுக்குப் பின்னிவிட்டபடியே நான் சொன்னேன்: "அப்பாவைப் பார்த்ததும் உடனே ஓடிடணும். நின்னு வேடிக்கை பார்த்துட்டு இருக்காத. பாவம், அவர் வெயில்ல நிக்கிறாரு." முந்தின நாள் அவள் ஆடி அசைந்து வந்தாள் என்று நீங்கள் அலுத்துக்கொண்டதால் சொன்னது. நீங்கள் லேட் என்று இருந்தவரை இதை நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. இதை நான் சொல்லும் முதல் ஆள் நீங்கள்தான்.

கேள்வியை மாற்றி எழுதினேன். கூட்டிப்போக வந்தவர் எதிர்ப்பக்கம் நின்றால் பிள்ளைகள் தெருவைப் பார்த்துக் கடக்கிறார்களா? என் நோட்டிலேயே இருந்தது. அப்படி இருபத்தாறு பிள்ளைகள். பத்தொன்பது பேர் எந்தப் பக்கமும் திரும்பாமல் ஓடியிருக்கிறார்கள். நான் தாமதத்தையே தேடிக்கொண்டிருந்ததால் அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

"இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று பேராசிரியை கேட்டார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா மேடம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திட்டம் எழுதிக் கொடுத்தாலே மதிப்பெண் வந்துவிடும். ஆனால் இதை நான் செய்துவிடப் போகிறேன். ஒரு வாரம் எல்லாப் பெற்றோரையும் கேட் பக்கமே நிற்கச் சொல்லித் தலைமையாசிரியை சுற்றறிக்கை அனுப்புகிறார். அந்த வாரம் மறுபடி எண்ண வேண்டும். ஒரே ஆள் எண்ணினால் கண் ஏமாற்றும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிச் சரிபார்க்க வேண்டுமாம். இன்னொரு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி தொடங்குகிறேன், மூன்றரை மணிக்கு. வீட்டுக்கு வாருங்கள் என்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அந்த மனசு எனக்கு வராமலேயேகூடப் போகலாம். பள்ளிக்கு வர முடிந்தால் வாருங்கள். கேட் பக்கமாக வந்து, என் பக்கத்தில் நில்லுங்கள்.

பட்டாணி அம்மா