தளி வழியா, அத்திப்பள்ளி வழியா

ஞாயிறு இரவு, காக்ஸ் டவுன்.

முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் கணவர் படுத்தபடியே வேளாங்கண்ணிக்கு வருவதற்காகத்தான் கேரவன் வண்டியை வாடகைக்குப் பேசினோம். எவ்வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைவது என்றறிய, இரு சாலைகளிலும் நானே பேருந்தில் சென்று பார்த்தேன். அத்திப்பள்ளிச் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது. ஆனேக்கல், தளி வழி சுற்றுதான். ஆயினும் அவர் முதுகு அதிராது.

மாலையில் ஓட்டுநரை அழைத்தேன். தமிழ் தெரிந்தவர் என்று சொல்லியிருந்தார்கள்.

"தளி எல்லை வழியாகச் செல்லுங்கள்."

"தளி எல்லி, மேடம்?" என்றார். கன்னடத்தில் அதற்குத் 'தளி எங்கே' என்று பொருள்.

"எல்லை!" என்று அழுத்திச் சொன்னேன்.

"அதே மேடம், எல்லி?"

கொழுந்தனார் செல்வராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணி, பார்டர்னு சொன்னா நாக்கு தேஞ்சிடுமா? பள்ளிக்கூடம் போகாமயே இவ்ளோ தமிழு!" என்று கைப்பேசியைப் பறித்தார். "அத்திபெலே பார்டர் குரு, சீதா ஹோகோணா." அத்திப்பள்ளி எல்லை வழியாக நேராகப் போவதென்று வழி முடிவாகிவிட்டதாம்.

என் கணவரும் சிரித்தார். எவர் முதுகுக்காக நான் அந்தக் குழிகளில் குலுங்கினேனோ, அவரே சிரித்தார்.

எல்லோரும் உறங்கிய பின் ஓட்டுநரை மீண்டும் அழைத்து, கன்னடத்திலேயே சொன்னேன்: "ஆனேக்கல், தளி மேலெ ஹோகி." அவ்வழியாகப் போகச் சொன்னதை உடனே புரிந்துகொண்டார்.

செல்வராஜிடம் சொல்லப்போவதில்லை. ஆனேக்கல் சாலை பிரியும் சந்தாபுரத்தில் வண்டி வலப்பக்கம் திரும்பும்போது அவரே அறிந்துகொள்ளட்டும். அப்போது அவர் எந்த மொழியில் கத்துகிறார் என்று கேட்க மிக ஆவலாக இருக்கிறேன்.