சாமி ஓடையில் விடக்கூடாத மீன்

அண்ணா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் நம் சொந்தக்காரர்கள் யார் இருந்தாலும் காட்டாதே. உன் அறைக்குள் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அத்தையோடு படுத்திருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். அம்மாவோடு என்று அத்தை நினைத்துக்கொண்டிருப்பாள்.

என் விரல்களில் கோழி ஈரல் வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. நீ இருந்தவரை இது உன் கையின் வாடை. என் தலையைத் தடவ வந்தால், "கையை எடு, நாறுது" என்று தட்டிவிடுவேன். இப்போது அதே வாடையை மூக்கருகே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் முதலை மீன் தொட்டியில் அசையாமல் கிடக்கிறது. காளப்பநாயக்கன்பட்டி மீன் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் தண்ணீரோடு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாயே, அன்று அது என் விரல் நீளம்தான். கடைக்கார பாய் அதன் பெயர் அலிகேட்டர் கார் என்றாராம். அப்பா அதன் நீண்ட வாயைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, காசு குடுத்து முதலைக்குட்டிய வாங்கியாந்திருக்கற?" என்றார். "வளந்தா உங்களத்தாம்ப்பா மொதல்ல கடிக்கும்" என்றாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அது என் கை நீளம். திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வளைத்து, வாலைக் கண்ணாடியில் உரசிக்கொண்டுதான் திரும்புகிறது. இரை போடுவதற்கு முன் நீ தொட்டியின் மரச்சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டுவாய். எங்கே கிடந்தாலும் மேலே வந்து வாயைத் தூக்கும். "பாரு, கூப்பிட்டா நீகூட இத்தனை வெரசா வரமாட்ட" என்பாய். நானும் அப்படியே தட்டுகிறேன். வருகிறது. தட்டுவது நீ இல்லை என்று அதற்குத் தெரியவில்லை.

ஒருநாள் வாய்க்காலில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை உள்ளே விட்டாய். நான் பெயர் வைத்து முடிப்பதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் அழுதேன். "இது மேல தப்பில்ல கண்ணு. இதுக்கு அது மட்டுந்தான் தெரியும்" என்றாய்.

மஞ்சள் காமாலை முற்றி நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மா டீ வாங்கப் போன நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டாய். "பட்டினி போட்றாத. என்ன ஆனாலும் ஓடையில மட்டும் உட்றாத." நான் தலையாட்டினேன். நீ திரும்பி வந்து நீயே பார்த்துக்கொள்வாய் என்று நினைத்துத்தான் ஆட்டினேன்.

விடிந்தால் உனக்கு முப்பதாம் நாள் கும்பிடு. அது முடிந்ததும் பிக்கப் வண்டியில், நீல டிரம்மில், இதைக் கோயில் ஓடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

நீயும் நானும் பொரி போட்ட ஓடை, அண்ணா. அங்கே யாரும் தூண்டில் போடமாட்டார்கள். சாமி மீன்கள். அதனால் அவற்றுக்குப் பயமே தெரியாது. காலைச் சுற்றிக்கொண்டு வரும், விரல் இடுக்கில் வாயை வைக்கும். யாரைப் பார்த்தும் ஓடத் தெரியாத அந்த மீன்களுக்கு நடுவில் இதைக் கொட்டப்போகிறார்கள்.

அப்பா முதலில் வேறு மாதிரி சொன்னார். "அதப் பாத்தாலே எனக்கு நெஞ்ச அடைக்குது. ஒரே அடியா அடிச்சுக் குழியில போட்டுட்டாத் தீந்துது." அம்மா விடவில்லை. "எம்பையன் வளத்த சீவன். சாமி ஓடையில உட்டா ஒருத்தரும் தொடமாட்டாங்க. அவம்பேரு சொல்லிக்கிட்டு அங்க கெடக்கட்டும்."

"அது அங்க இருக்கற மீனையெல்லாம் தின்னுபோடும்மா" என்றேன்.

"சாமி மீன அது எப்படித் திங்கும்? சாமி பாத்துக்கிட்டுச் சும்மா இருக்குமா?"

"அதப் பிரிய மனசில்லீங்க அண்ணி, அதான் என்னென்னமோ சொல்லுது" என்றாள் அத்தை.

நீ சொன்னதைச் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லாம உங்கிட்டச் சொன்னானா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கடைக்கார பாய்க்குப் போன் செய்தேன். "அத்தனை பெருச வெக்க எங்கடையில எடமில்ல கண்ணு. சேலத்துல பெரிய தொட்டி கட்டி வெச்சிருக்கறவரு ஒருத்தரு இருக்காரு. வெளியூரு போயிருக்காரு. ஞாயித்துக்கெழம வந்ததும் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எங்கயும் உட்றாதீங்க" என்றார். விடிந்தால் சனிக்கிழமைதான். அப்பாவிடம் சொன்னதற்கு, "வண்டி நாளைக்குத்தான் வருது" என்று எழுந்து போய்விட்டார்.

கோயில் பூசாரியிடம் போய்ச் சொன்னால் ஓடை தப்பிக்கும். ஆனால் அப்பா இதை அடிக்கக் கட்டையை எடுப்பார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா? அவளுக்கு நீ இன்னொரு தடவை போன மாதிரி ஆகிவிடும்.

அதுவே தானாகச் செத்துப்போய்விட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்று, சற்று முன் காற்று மோட்டாரை நிறுத்தினேன். அது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, மறுபடி கீழே போய்ப் படுத்துக்கொண்டது. உடனே மோட்டாரைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்பா உதைத்தால் நிற்குமா தெரியவில்லை. அப்பா என்னை அடித்ததே இல்லை, நாளைக்கு அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை வரை இந்தக் கதவு நின்றால் போதும். ஈரல் ஒரு கிண்ணம் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொரி. நீ சொன்ன இரண்டு வார்த்தைகளைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை, அண்ணா. பட்டினி போடவில்லை. இன்னொன்று...

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா.

"கண்ணு, உள்ளயா இருக்கற? தாழத் தொற சாமி. அப்பா முழிச்சுக்குவாரு."

மறுபடியும் இரண்டு தட்டு. அண்ணா, அது மேலே வந்துவிட்டது. வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.