கயிறு எதற்கு என்று கேட்டவன்

என் மூத்த மகளுக்கு,

இது அப்பாவின் சொந்தக் கையெழுத்து. நம்பு! கோயில் வகுப்பில் எழுதப் படித்தேன். மூன்று நாளாக இதை எழுதுகிறேன்.

உன் புயல் மீட்புத் தொண்டர் குழுவுக்குக் கயிறும் சைரனும் வாங்கப் பணம் வந்தபோது, "கயிறு என்னத்துக்கு, மாடு கட்டவோ?" என்று கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவன் நான். புயலன்று வள்ளத்து எஞ்சினை வீட்டுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு, அதை விட்டு வரமாட்டேன் என்றேன். இழுக்க வந்த உன்னைத் துடுப்பால் அடித்தேன். உன் கை முறிந்த சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. நீ மற்றக் கையால் என் வாயில் குத்தினாய்.

"சாகிறதெண்டா நாளைக்குச் சாவுங்கோ, இண்டைக்கு வாங்கோ!"

உன் ஆட்கள் அந்தக் கயிற்றாலேயே என்னைக் கட்டி இழுத்தார்கள். வாசலைத் தாண்டியதும் கூரை எஞ்சின் மேல் விழுந்தது.

விடத்தல்தீவில் மாமி வீட்டில் கை ஆறுகிறதா?

குழுவுக்கு அடுத்த வருடமும் பணம் கேட்டு எழுதிய கடிதத்தில், கைநாட்டு வைக்காமல் பெயர் எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். புயல் வருகிறதென்று சொன்னாலும் வீட்டை விட்டு வெளியேறாதவர்களின் பட்டியலை எழுதும் வேலையையும் எனக்கே தந்தார்கள். முதலாவதாக என் பெயரை எழுதினேன்.

அடுத்த புயலுக்கு முன் வீட்டுக்கு வா. என்னை அடிக்க மற்றவர்களுக்குக் கை வராது.

இரண்டு பல் குறைந்த,
உன் அப்பா