அத்தை ஏன் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்ளும் அளவுக்காவது நேரம் கிடைத்து நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண்ணும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசு எப்படி என்று கேட்டால்தான் பதில் வராது. என்ன இது, கையில் போன் இருக்கும்போது அப்பா தபாலில் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனில் பேசினால் வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் உன் பெண் காதில் விழுகிறது, மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதே அவள்தான். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு தையல் மெஷின் தலைகீழாகக் கிடக்கிறது, அதற்குச் சொந்தக்கார டெய்லரம்மா இன்றைக்குள் வேண்டும் என்று வந்து முறைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் என் கைதான் காரணம், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. கொஞ்ச நாள் அதிகம் பேசக்கூடாது என்று பல் டாக்டர் சொன்னார், நான் அதைப் பெரிதாக நம்பியிருந்தேன், நடக்கவில்லை. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. மாடிப்படி விளக்கை மாற்றிவிட்டேன். உன் பெண் போன வருஷத்துச் சீருடையில் இருந்து ஒரு சாண் வளர்ந்துவிட்டாள், பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டும் போதவில்லை. வாயாடி வாயாடி என்று நாம் கூப்பிட்ட பெண், இப்போது வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னாயே, குடும்ப விசா அனுமதி இந்த முறையும் கிடைக்கவில்லை, மறுபடி விண்ணப்பம் போட ஒரு வருஷம் ஆகும், லீவுக்கு அவளை அழைத்துக்கொள்ள முடியாது என்று. "அப்பா, நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க, நான் சொன்னா உடைஞ்சு போயிடுவேன்" என்றாய். சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்கு மேல் முடியவில்லை. தலைவாரி முடித்ததும் சொல்லலாம் என்று நிற்பேன், அவள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள், போய்விடுவேன். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது ஒருநாள் துணிந்து "இங்க பாரு கண்ணு" என்று ஆரம்பித்தேன். நின்று திரும்பினாள். "ஷூ லேஸைக் கட்டு" என்று சொல்லிவிட்டேன். அவள் போட்டிருந்தது செருப்பு. குனிந்து பார்த்துவிட்டு நடந்தாள். சொல்ல முடியாததற்குப் பதிலாக நானும் உன் அம்மாவும் அவளிடம் நல்லவர்களாகிக்கொண்டே போனோம். சாப்பிடும் தட்டருகே புத்தகம் வைத்தால் பிடுங்கிப் போடுகிறவள் உன் அம்மா, இப்போது பக்கம் புரளாமல் இருக்க அவளே டம்ளரை எடுத்து மேலே வைக்கிறாள். நான் கலர் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், பழைய பெட்டியே பாதி தீரவில்லை. பயணத்துக்கென்று நீ வாங்கச் சொன்ன பெரிய பை கட்டிலோரமாக நின்றதே, அதைத் தூசி படிகிறது என்று சொல்லி உன் அம்மா பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். பிள்ளைக்குத் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் கூடிப் புத்தகம் பேசுகிறார்கள் என்று முன்பே போனில் சொன்னேன். எல்லாரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வர வேண்டும், வட்டமாக உட்கார வேண்டும், ஒரு ரப்பர் பந்து கை மாறிக்கொண்டே வரும், பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். நன்றாக இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம், ஏன் இல்லை என்று சொல்லியாக வேண்டும். கூட்டிவரும் பெரியவர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. "பெரியவங்க மூச்சு விட்டுக்கலாம், பேசக்கூடாது" என்பது நூலகத்தம்மாவின் சட்டம். முதல் நாளே ஒரு தகப்பனார் தன் பையனுக்கு எடுத்துக்கொடுக்கப் போய் வெளியே அனுப்பப்பட்டார், அதிலிருந்து நாங்கள் எல்லாம் அந்த பெஞ்சில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிதான். வீட்டில் பேசாத உன் பெண் அங்கே கொஞ்சம் பேசுவாள் என்பதற்காகவே கடையைச் சாத்திவிட்டு நான் போவேன்.

போன சனிக்கிழமைக்கான நாவலை அவள் கடையில் என் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் படித்தாள். அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் நானும் படித்தேன், படிக்காமல் இருந்திருக்கலாம். ஆற்றுக்கு அக்கரையில் பாலம் கட்டும் வேலைக்கு ஒரு பெண்ணின் அப்பாவும் அம்மாவும் போகிறார்கள், பாலம் முடிந்ததும் அதன் மேலேயே நடந்து வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு. பெண் அத்தை வீட்டில் இருக்கிறாள். வெள்ளம் வந்து பாதிப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, வேலைதான் முதலிலிருந்து. அந்தச் சேதி அத்தைக்கு வருகிறது, அத்தை பெண்ணிடம் சொல்வதில்லை. புத்தகத்தில் முக்கால்வாசி அந்தச் சொல்லாமல் இருப்பதுதான். அத்தை வரும் இடத்திலெல்லாம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏதாவது ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டேன், எண்ணெய் தேவைப்படாத மெஷினுக்கும்.

அன்றைக்குப் பந்து முதலில் போனது அரைடிக்கெட்டு என்று எல்லாரும் கூப்பிடும் சின்னப் பையனிடம். "படகுக்காரரோட நாய் நல்லா இருந்துச்சு, நாய் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்தைக் கொடுத்துவிட்டான். அடுத்தது சோடாபுட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "ஆரம்பத்துல மழை, மழை, மழை மட்டும்தான். எனக்கே சளி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எழுதினவங்க குடையாவது கொடுத்திருக்கணும்" என்றான், பெஞ்சில் நாங்களும் சிரித்துவிட்டோம். அப்புறம் பந்து தெத்துப்பல் பெண்ணிடம் போனது, அவள் வக்கீல் மாதிரி. "இந்தக் கதையில வெள்ளம் வில்லன் இல்ல, அத்தைதான் வில்லி. அது அந்தப் பொண்ணோட அம்மா அப்பா, அந்தப் பொண்ணோட சேதி. அடுத்தவங்க சேதியை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டா அது திருட்டு" என்றாள். என் காது சுட்டது. சோடாபுட்டி பந்தைக் கேட்டு வாங்கி, "வில்லின்னு சொல்ல முடியாது, பயந்தாங்கொள்ளின்னு சொல்லலாம். தினமும் நாளைக்குச் சொல்லலாம்னு படுத்துக்கறாங்க பாரு" என்றான். அத்தை ஏன் சொல்லவில்லை என்று நூலகத்தம்மா கேட்டார். எனக்குத் தெரியும் மகளே, அந்த அறையிலேயே அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும், எழுந்து நின்று சொல்லலாம் போல இருந்தது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்து உன் பெண்ணிடம் வந்தது. கொஞ்ச நேரம் அதை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இவங்க எல்லாரும் அத்தையைப் பத்தியே பேசறாங்க. அந்தப் பொண்ணுக்கு முதல்லயே தெரியும்" என்றாள். தெத்துப்பல், எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது, கடைசியில்தானே அவளுக்குத் தெரிகிறது என்று சண்டைக்கு வந்தாள். "பக்கம் எல்லாம் இல்ல. அத்தை அதட்டறதை நிறுத்திட்டாங்க இல்ல, அப்பவே தெரிஞ்சிருக்கும். பெரியவங்க திடீர்னு நல்லவங்களா ஆனா ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றாள். அப்படித் தெரிந்திருந்தால் அவள் ஏன் அத்தையிடம் கேட்கவில்லை என்று நூலகத்தம்மா மெதுவாகக் கேட்டார். "கேட்டா அத்தை அழுவாங்க. அப்புறம் இவதான் அத்தையைச் சமாதானப்படுத்தணும். இவளை யாரு சமாதானப்படுத்தறது? அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டா" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. பந்தை அரைடிக்கெட்டிடம் கொடுத்தாள், அவன் மறுபடி நாயைப் பற்றி ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சட்டம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன் என்று உனக்கு எழுத ஆசை, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு வாய் வந்திருக்காது.

இறங்கி வரும்போது படிக்கட்டில் கூட்டம், அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருமுனையில் சிக்னலுக்காக நின்றோம். இனிமேலும் சொல்லாவிட்டால் நான் மனிதன் இல்லை என்று, "கண்ணு, அந்த அனுமதி..." என்று தொடங்கினேன். "தெரியும் தாத்தா" என்றாள், அவ்வளவுதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பையைப் பரண் மேல போட்டாங்க. அம்மா போன்ல லீவைப் பத்திப் பேசறதையே விட்டுட்டாங்க. நீங்க செருப்புக்கு லேஸ் கட்டச் சொன்னீங்க" என்றாள். இதில் சிரிக்க வேண்டுமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விளக்கு மாறியும் நாங்கள் கடக்கவில்லை, பின்னால் நின்றவர் ஒதுங்கிப் போனார். நான் ஏதாவது சொல்ல வேண்டும், அடுத்த வருஷம் கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்றாவது சொல்ல வேண்டும். அதைக்கூட யாரை நம்பிச் சொல்வது, எங்கேயோ ஒரு மேஜையில் யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டிய விஷயத்துக்கு நான் எப்படி உறுதி கொடுப்பது? அவள்தான் பேசினாள். "அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க தாத்தா. அம்மா பாவம், அங்க தனியா அழுவாங்க. நான் எதுவும் தெரியாத மாதிரி பேசிக்கறேன்" என்றாள். சரி என்றேன். என் வாய் எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிடுகிறது.

பார்த்தாயா என் நிலைமையை. உனக்காக அவளிடம் மறைக்கிறேன் என்றேன், அவளுக்காக உன்னிடம் மறைக்கிறேன் என்றேன், நடுவில் நான் ஒரு போனைக் கையில் ஏந்தி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய் அல்லவா, "என்னடி தங்கம், சந்தோஷமா இருக்கியா" என்று நீ குரலை ஏற்றிக்கொண்டு கேட்டாய், "சூப்பரா இருக்கேன்மா" என்று அவளும் குரலை ஏற்றிக்கொண்டு சொன்னாள். இரண்டு குரலும் ஒரே மாதிரி இருந்தது. உன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இதை எழுதி, அவளுக்குக் கொடுத்த வார்த்தையை நான் உடைத்துவிட்டேன். தப்பா சரியா என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. கழன்ற ஊசியை மாட்டு, அறுந்த பெல்ட்டை மாற்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், இதில் எந்தத் திருகைத் திருப்புவது என்றே புலப்படவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை மகளே, மாப்பிள்ளையையும் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க யாருடைய அப்பா அம்மாவையோ தூக்கி உட்கார வைத்துவிட்டு, நீ அறைக்குத் திரும்பும்போது எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீயே சொல்லிவிடு. அவள் முதல் தடவை கேட்பது போலக் கேட்பாள், ஓ அப்படியாம்மா என்பாள், பரவாயில்லைம்மா என்பாள். அதை நம்பிப் போனை வைத்துவிடாதே. உனக்கு அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழு, அடக்காதே. அவள் உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தால் மட்டும் விடாதே, நீ முந்திக்கொள். எப்படி என்று என்னைக் கேட்காதே, நீ அவளுடைய அம்மா, உனக்கு வரும்.

நேற்று அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த கூட்டத்துக்கு நாவலைத் தேர்ந்தெடுக்கும் முறை அவளுடையது. எந்த மாதிரி வேண்டும் என்று நூலகத்தம்மா கேட்டார். "யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காத கதையா ஒண்ணு கொடுங்க" என்றாள். அதற்கென்ன, நிறைய இருக்கிறதே என்று அவர் சிறுவர் அலமாரிக்குப் போனார். ஒன்றை உருவினார், பின்னட்டையைப் படித்தார், செருகிவிட்டார். இன்னொன்றை உருவினார், அதையும் செருகினார். கீழ்த்தட்டுக்குக் குந்தி உட்கார்ந்து பார்த்தார், பிறகு நாற்காலி போட்டு ஏறி மேல்தட்டைப் பார்த்தார். உன் பெண் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள், நானும் நின்றேன். கடைசியில் அவர் வெறும் கையோடு இறங்கி வந்து, சனிக்கிழமைக்குள் தேடி வைக்கிறேன் என்று என்னிடம் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் இருங்கள். மாப்பிள்ளையை முதுகு வலியோடு பாரம் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் சனிக்கிழமை, மத்தியானம் கூப்பிடாதே, அவள் பேசிக்கொண்டிருப்பாள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கூப்பிடு. அன்றைக்கு ஸ்பீக்கரில் போட மாட்டேன், போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நானும் உன் அம்மாவும் கீழே இறங்கித் தெருவில் நிற்கிறோம். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா