பதினோரு மணி போன்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இது சத்தியமாக என் கையெழுத்துதான்! நான் எழுதுவதைப் பார்த்து, இங்கே கம்பெனியில் என்னோடு துணி தேய்க்கும் இஸ்திரி மேசைக்காரர்கள், "பெரியவரே, அடுத்து பத்தாவது பரீட்சையா?" என்று கேலி செய்கிறார்கள்.

நம் பேத்தி கணக்கில் மட்டும் தோற்றுவிட்டாள், மறுதேர்வுக்கும் போக மாட்டேன் என்கிறாள் என்று நேற்று மகன் சொன்னான். ஆன்லைன் கணக்கு வகுப்பு தினமும் பதினோரு மணிக்காமே? என் டீ நேரமும் அதுதான். வீட்டில் இருப்பதோ ஒரே போன். வருடம் முழுக்க நான்தான் கூப்பிட்டு, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டு வகுப்பைக் கெடுத்திருக்கிறேன். ஒருநாளாவது "வைங்க தாத்தா" என்றாளா? "இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றுதான் சொன்னாள்.

தோற்றது அவள் இல்லை, என் போன். இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது அவள்தானே, இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்.

மறுதேர்வு முடியும்வரை போன் அவளுக்கு, கடிதம் எனக்கு. பதிலைப் பெரிய எழுத்தில், நீளமாக எழுதச் சொல். என் பழைய கண்ணாடியையும் அனுப்பு.

இப்போது மணி பதினொன்று. போன் பக்கம் போகிற கையில் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். டீ ஆறுகிறது.

உன் வீட்டுக்காரன்